ஏற்புரைக்கு இரண்டு நிமிடம்

கிளை நூலகத்தில் நடக்கும் 'எழுத்தாளர் சந்திப்பு' எழுத்தாளரைச் சந்திப்பதற்கானது அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம், அழைப்பிதழே போதும். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, அரை டஜன் வாழ்த்துரை, சிறப்புரை எல்லாம் தாண்டி, நன்றியுரைக்கு ஒரு வரி மேலே 'ஏற்புரை' என்று பொடி எழுத்தில் ஒண்டியிருப்பவர்தான் நூலை எழுதியவர். தன் கதையில் ஒரு பக்கம் வாசிக்கலாமென்று அவர் எழுந்தால், 'நேரம் கருதி' என்று துண்டுச்சீட்டு போகும். பொன்னாடைகளுக்கு மட்டும் யாரும் நேரம் கருதுவதில்லை. வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது நூலகவியலின் நான்காம் விதி. 1931-இல் அதை நூலாக்கிய எஸ்.ஆர்.ரங்கநாதன் சீர்காழிக்காரர், நம் மேடைகளை மனதில் வைத்துத்தான் எழுதினாரோ என்னவோ.

வாழ்த்துரைக்காரர்களை நீக்கினால் நாற்காலிகள் காலியாகிவிடுமே என்பார்கள். நியாயம்தான். ஆனால் தாங்கள் பேசி முடித்ததும் அவர்களுக்கு அவசர வேலை வந்துவிடுகிறது; ஏற்புரையின்போது நாற்காலிகள் எப்படியும் காலிதானே? புத்தகத்தைப் படித்துவிட்டு வந்த இரண்டு பேரும், மின்விசிறிக்கு அடியில் நாளிதழ் புரட்டிக்கொண்டிருந்த பெரியவரும்தான் மிச்சம். அடுத்த கூட்டத்திலாவது முதல் பத்து நிமிடத்தை இந்த மூவருக்காக ஒதுக்குங்கள் ஐயா. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறவர்கள்.