சாவிக்கொத்து அவரிடம், சம்பளக் கவர் உங்களிடம்

(இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி அமெரிக்காவிலிருந்து, எல்லாமே செல்ஃப் ஸ்டோரேஜ் தொழில் பற்றி. ஆகவே பதில்களும் அதைப் பற்றியே.)

பெண்ணைப் பெற்றவர், கும்பகோணம்: மாப்பிள்ளை அமெரிக்காவில் செல்ஃப் ஸ்டோரேஜ் மேனேஜராம். சொந்தக்காரர்கள் கேட்டால் என்னவென்று சொல்வது?

வீட்டில் கொள்ளாத சாமான்களைப் போட்டுவைக்க மாத வாடகைக்கு விடும் அறைகள். ஷட்டர் கம்பெனியுடையது, பூட்டு வாடிக்கையாளருடையது. 1972இல் கலிஃபோர்னியாவின் எல் கஹோனில் பப்ளிக் ஸ்டோரேஜ் தன் முதல் கிளையைத் திறந்தது. இன்று அமெரிக்கா முழுக்க இத்தகைய இடங்கள் 50,000க்கு மேல். விற்பனை, வசூல், கணக்கு, பராமரிப்பு, ஏலம் எல்லாம் உங்கள் மாப்பிள்ளை ஒருவர் கையில். நிமிர்ந்து சொல்லுங்கள்.

புதிய முதலாளி, டாலஸ்: மேனேஜருக்கு உற்சாகம் வர என்ன செய்யலாம்? சுருக்கமாக.

ஒரு நாள் காலையில் அவரோடு நடங்கள்.

ஆபீஸ் திறக்குமுன் அவர் வரிசை வரிசையாகப் போவார். ஒவ்வொரு பூட்டையும் கையால் இழுத்துப் பார்ப்பார். பூட்டில்லாத ஷட்டர் ஒன்று கண்ணில் பட்டால், ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்துகொண்டு போனாரா, திருடன் வந்தானா என்று துப்புத் துலக்க வேண்டும். குப்பைத்தொட்டி ஓரம் யாரோ பழைய மெத்தையைத் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். மழையில் ஊறியிருந்தால் இரண்டு ஆள் கனம். மறுமுனையை நீங்கள் பிடியுங்கள். உற்சாகம் அங்கேயே தொடங்கிவிடும்.

மூன்று கிளை முதலாளி, ஹூஸ்டன்: சம்பளத்தை ஏற்றினால் போதாதா?

ஏற்றுங்கள், முதலில் அதுதான். ஆனால் ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1959இலேயே சொல்லிவிட்டார்: சம்பளம் சரியாக இருந்தால் முணுமுணுப்பு அடங்கும், ஆர்வம் பிறப்பது பொறுப்பிலும் அங்கீகாரத்திலும் வளர்ச்சியிலும்தான். வயிறு நிறைந்தபின் மனசு கேட்கும் சாப்பாடு அது. இரண்டு பந்தியும் போடுங்கள்.

அதே முதலாளி: 'மாதத்தின் சிறந்த ஊழியர்' பட்டம் தரலாமா?

கிளைக்கு ஒரே ஆள். யாரை ஜெயித்தார் என்று போடுவீர்கள்? அந்த ஃபிரேம் காசில் ஆபீஸ் ஏசியைப் பழுது பாருங்கள்.

கணக்கில் புலி, அட்லாண்டா: புதிதாக ஓர் அறை போனால் இவ்வளவு டாலர் என்று ஊக்கத்தொகை வைத்திருக்கிறேன். அறைகள் பிய்த்துக்கொண்டு போகின்றன!

அடுத்த மாதம் எத்தனை பேர் காலி செய்தார்கள் என்றும் எண்ணிவிட்டீர்களா? 'முதல் மாதம் ஒரு டாலர்' என்று இழுத்துப் போட்ட ஆள் இரண்டாம் மாதம் நிற்பதில்லை. எதை எண்ணிக் காசு கொடுக்கிறீர்களோ அதுதான் விளையும்.

வெல்ஸ் ஃபார்கோ வங்கி விற்பனை இலக்கு வைத்து விரட்டியது. ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குகளைத் திறந்து தள்ளினார்கள். 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம். வேலை போனவர்கள் 5,300 பேர். உங்கள் ஊக்கத்தொகையில் பாதியை பாக்கி வசூலுக்கும், ஆறு மாதம் தாண்டித் தங்கும் வாடிக்கையாளருக்கும் மாற்றுங்கள்.

சிக்கனர், டாம்பா: 'மேனேஜர்' என்று பட்டம் கொடுத்து மாதச் சம்பளம் போட்டுவிட்டால் ஓவர்டைம் மிச்சம்தானே?

பட்டத்தைப் பார்த்துச் சட்டம் மயங்காது. 1938ஆம் ஆண்டின் நியாயத் தொழிலாளர் தரச் சட்டப்படி வாரம் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு. நிர்வாகி என்று விலக்குக் கேட்க வேண்டுமானால், மற்ற நிபந்தனைகளோடு, அவருக்குக் கீழே குறைந்தது இரண்டு முழுநேர ஊழியர் அளவுக்காவது ஆட்கள் வேலை செய்ய வேண்டும். உங்கள் மேனேஜருக்குக் கீழே இருப்பது துடைப்பமும் கோல்ஃப் வண்டியும். வக்கீலைப் பாருங்கள், இன்றைக்கே.

அவரே: அவர் மனைவியும் சும்மா கூடமாட உதவுகிறார். அதற்குமா?

அதற்கும்தான். லாபத்துக்கு நடக்கும் தனியார் கம்பெனியில் 'தன்னார்வத் தொண்டு' கிடையாது. போனை எடுத்தாலும் அறையைப் பெருக்கினாலும் அது வேலை. ஒரு சம்பளத்தில் ஒரு குடும்பத்தையே வேலை வாங்குவதற்குத் தமிழில் பழைய பெயர் உண்டு: கொத்தடிமை.

மேனேஜரின் மனைவி, ஃபீனிக்ஸ்: வளாகத்திலேயே வீடு. வாடகை மிச்சம், நிம்மதி இல்லை. ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டி கேட் திறக்கவில்லை என்கிறார்கள்.

அந்த வீடு வேலையின் நிபந்தனையாக, முதலாளியின் தேவைக்காக, வளாகத்துக்குள்ளேயே தரப்பட்டிருந்தால் அதன் மதிப்புக்கு வருமான வரி கிடையாது. அது நல்ல செய்தி. கெட்ட செய்தி உங்களுக்கே தெரியும்: வேலை போகிற அன்று கூரையும் போகும்.

இரண்டு விஷயங்களை எழுதி வாங்குங்கள். ஆபீஸ் மூடியபின் வரும் அழைப்பு எந்த எண்ணுக்குப் போகும்? வேலை நின்றால் வீட்டைக் காலி செய்ய எத்தனை நாள் அவகாசம்? வாய்ப்பேச்சுக்கு வாடகை வீட்டில் மதிப்பில்லை.

தொழில்நுட்பப் பிரியர், சான் ஹோசே: கேமரா, கியோஸ்க், போனிலேயே திறக்கும் பூட்டு எல்லாம் வந்தாயிற்று. இன்னும் எதற்கு மேனேஜர்?

2004, மேற்கு லண்டனில் ஹான்வெல். ஒரு ஸ்டோரேஜில் 600 கிலோ அம்மோனியம் நைட்ரேட் உரம் வைக்கப்பட்டிருந்தது. இவ்வளவு உரம் இங்கே எதற்கு என்று அங்கிருந்த ஊழியருக்கு உறுத்தியது. போலீசைக் கூப்பிட்டார்கள். போலீஸ் உரத்தை எடுத்துவிட்டுத் தீங்கற்ற பொருளை வைத்தது. வரவேற்பு மேசையில் மாறுவேடத்தில் ஒரு பெண் அதிகாரியை உட்கார வைத்தது. குண்டு வைக்கத் திட்டமிட்ட ஐந்து பேருக்கு 2007இல் ஆயுள் தண்டனை.

கேமரா பதிவு செய்யும். சந்தேகப்பட ஒரு மனசு வேண்டும்.

பயிற்சியாளர், சிகாகோ: புதிய மேனேஜருக்கு முதலில் எதைக் கற்றுக்கொடுப்பது? கம்ப்யூட்டரா, கேட்டா?

காது.

இந்தத் தொழிலுக்கு ஆள் வருவதற்கு நான்கு காரணம் சொல்வார்கள்: சாவு, விவாகரத்து, இடமாற்றம், பெரிய வீட்டிலிருந்து சின்ன வீடு. போனில் 'பத்துக்குப் பத்து என்ன விலை?' என்று கேட்கும் குரலுக்குப் பின்னால் இந்த நாலில் ஒன்று நிற்கிறது. விலையைச் சொல்லி வைத்துவிட்டால் அவர் அடுத்த நம்பருக்குப் போய்விடுவார். 'என்ன சாமான் வைக்கப் போகிறீர்கள்?' என்று கேளுங்கள். 'அப்பா போய்விட்டார், அவர் வீட்டைக் காலி செய்கிறோம்' என்று பதில் வரும். அதற்கு அடுத்த வாக்கியத்தை எப்படிப் பேசுவது என்பதுதான் பயிற்சி. உட்கார்ந்து ஒத்திகை பாருங்கள். நீங்கள் வாடிக்கையாளராகப் பேசுங்கள், பிறகு இடம் மாறிப் பேசுங்கள். கம்ப்யூட்டர் தானாக வந்துவிடும்.

துப்பறிவாளர், சியாட்டில்: நானே வாடிக்கையாளர் போல போன் செய்து சோதிக்கிறேன். தப்பா?

'இப்படி அழைப்புகள் வரும்' என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் பயிற்சி. சொல்லாமல் செய்து மாட்டிவிட்டால் வேவு. பதிவை இருவரும் சேர்ந்து கேளுங்கள். நன்றாகப் பேசிய இடத்தில் முதலில் நிறுத்துங்கள்.

நொந்த மேனேஜர், டென்வர்: வாடகையை ஏற்றுவது தலைமை ஆபீஸ். திட்டு வாங்குவது நான். பத்து டாலர் தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக்கூட மூன்று பேரைக் கேட்க வேண்டும்.

இதை உங்கள் முதலாளி படிக்கட்டும்: ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டலில் ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க ஊழியர் யாரையும் கேட்காமல் 2,000 டாலர் வரை செலவழிக்கலாம். லட்சக்கணக்கான டாலர் சொத்தின் சாவிக்கொத்தை நம்பித் தந்தவருக்குப் பத்து டாலரை நம்பித் தரக் கை வரவில்லை என்றால், கோளாறு மேனேஜரிடம் இல்லை.

தொலைக்காட்சி ரசிகர், எடிசன்: 'ஸ்டோரேஜ் வார்ஸ்' பார்த்தேன். பூட்டை வெட்டி ஏலம் போட்டால் மேனேஜருக்குக் கொண்டாட்டம்தானே?

அந்த நிகழ்ச்சி 2010இல் வந்ததிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. வாடகை கட்டாதவரின் சாமானை விற்கும் ஏலம் என்பது தோற்றுப்போன வசூல். பெரும்பாலும் பாக்கிப் பணம்கூடத் தேறாது. கலிஃபோர்னியாவில் பாக்கி போக மிஞ்சினால் அது சாமான்காரருடையது.

தவறினால் ஜெயிலும் உண்டு. பணியில் இருக்கும் ராணுவ வீரரின் சாமானை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் விற்கக் கூடாது. தெரிந்தே விற்றால் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஏலத்துக்கு முன் அவர் ராணுவத்தில் இருக்கிறாரா என்று பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். இதை மேனேஜருக்குச் சொல்லித்தராத முதலாளி அவரைக் கண்ணைக் கட்டிக் கிணற்றில் இறக்குகிறார்.

இன்னொன்று. 2007இல் சிகாகோவில் வாடகை கட்டாத ஒரு மூதாட்டியின் பெட்டிகள் ஏலத்துக்குப் போயின. உள்ளே அவர் ஆயுள் முழுக்க எடுத்த படச்சுருள்கள். பிள்ளை வளர்க்கும் ஆயாவாகப் பிழைத்த விவியன் மையர், இன்று உலகம் கொண்டாடும் புகைப்படக்காரர். அவர் 2009இல் இறந்தார், புகழைப் பார்க்காமலே. ஏலத்துக்கு முன் இன்னொரு போன் செய்யும் மேனேஜரை நான் மெச்சுவேன்.

முன்னேறத் துடிப்பவர், சார்லட்: பெரிய பதவிக்குப் போக எதைப் படிக்கலாம்?

உங்கள் கிளைக் கணக்கை. நூறு அறையில் 92 நிறைந்திருக்கிறது, ஆனால் வருகிற பணம் போட்ட விலைக்கு 78 அறைக்குத்தான் சமம் என்றால், நடுவில் உள்ள 14 எங்கே போயிற்று? சலுகையிலா, பாக்கியிலா, பழைய வாடகையிலா? இதை விரல் நுனியில் சொல்லத் தெரிந்த மேனேஜரை வட்டார மேனேஜர் நாற்காலியிலிருந்து யாரும் தள்ளிவைக்க முடியாது.

சந்தேகி, ஃபீனிக்ஸ்: இதையெல்லாம் கற்றுக்கொடுத்தால் போட்டிக் கம்பெனிக்கு ஓடிவிட மாட்டாரா?

அவர் போவது மேலே ஏற ஏணி இல்லாததால். புதுக் கிளை திறக்கும்போது அவரை அனுப்புங்கள், அடுத்த மேனேஜரை அவரே பழக்கட்டும், பக்கத்துக் கிளையைத் தணிக்கை செய்யட்டும். மூன்றுக்கும் தனிக் காசு.

கவலைப்படும் அம்மா, சேக்ரமென்டோ: என் மகள் தனியாக ஒரு கிளையைப் பார்த்துக்கொள்கிறாள். அறைக்குள் யாரோ படுத்திருந்தால் எழுப்பச் சொல்கிறார்களாம்.

வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள், அம்மா. அந்த வேலைக்குப் போலீஸ் இருக்கிறது. தனியாகத் திறக்கக் கூடாத கதவுகள் எவை, கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் யார் வருவார் என்று முதலாளி எழுதித் தர வேண்டும். எழுதித் தராத இடத்தில் உங்கள் மகள் இருக்க வேண்டாம்.

தாராளர், ஆஸ்டின்: மேனேஜருக்கு ஒரு வாரம் லீவு கொடுக்கப் போகிறேன். எப்போது தரலாம்?

மாதக் கடைசியும் முதல் வாரமும் வேண்டாம், காலி செய்வோரும் குடிவருவோரும் மோதும் நாட்கள். நடுவில் கொடுங்கள். அந்த வாரம் ஆபீஸ் நாற்காலியில் நீங்களே உட்காருங்கள். புதன்கிழமைக்குள் அவருக்கு ஓர் உதவியாளைத் தேடத் தொடங்கிவிடுவீர்கள்.