ஆடு ஏன் நெல்லிக்காய் தேடுவதில்லை?

கேள்வி: மனிதனும் சிம்பன்ஸியும் ஒரே மூதாதையின் வாரிசுகள் என்பதற்கு மரபணு வரிசையில் என்ன சாட்சி இருக்கிறது?
– வாசகி, தேனி

பதில்: நம் பழுதுதான் சாட்சி! ஆடும் நாயும் வைட்டமின் சி-யைத் தங்கள் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. நமக்கோ நெல்லிக்காயும் எலுமிச்சையும் வேண்டும். வைட்டமின் சி தயாரிப்புக்கான ‘குலோ’ மரபணு நம்மிடம் சிதைந்து கிடப்பதே காரணம். சிம்பன்ஸியிடமும் அதே மரபணு சிதைந்திருக்கிறது. சிதைவின் அடையாளங்கள் பலவும் அச்சாகப் பொருந்துகின்றன. இரண்டு மாணவர்கள் ஒரே சரியான விடையை எழுதினால், இருவரும் படித்திருக்கலாம். ஒரே பிழையை ஒரே இடத்தில் எழுதினால்? மூலம் ஒன்றுதான்! கினிப்பன்றியும் வைட்டமின் சி தயாரிக்கும் திறனை இழந்ததுதான். ஆனால் அதன் மரபணு வேறு விதமாக உடைந்திருக்கிறது. ஆக, தனியாகக் கெட்டது எது, பரம்பரையாக வந்தது எது என்பதையும் மரபணு வரிசை பிரித்துக் காட்டிவிடுகிறது. நிறைகளைவிடக் குறைகள்தான் உறவை உறுதியாகச் சொல்கின்றன.