பால்கோவா பெட்டி ஸ்டூடியோ

கேள்வி: தாத்தா சேர்த்த சிவகாசி தீப்பெட்டி லேபிள்களைச் செல்போனில் எடுத்தால் பாதிப் படம் பளபளப்பில் மறைகிறது. அதிகச் செலவில்லாமல் வழி உண்டா?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறுங்கள்! பால்கோவா வாங்கி, இனிப்பை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டு, கடைக்காரரிடம் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இரு பக்கமும் ஜன்னல் வெட்டி பட்டர் பேப்பர் ஒட்டுங்கள். மேலே போனுக்கு ஒரு துளை, உள்ளே வெள்ளைத்தாள். வெளியே பக்கத்துக்கு ஒன்றாக, ஒரே நிறத்தில் இரண்டு எல்இடி பல்புகள். வெளிச்சம் இருபுறமும் 45 பாகையில் சாய்ந்து விழுந்தால் பளபளப்பு லென்ஸுக்குள் வராது. பிளாஷ் வேண்டவே வேண்டாம். சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து 1923-ல் பற்றவைத்த நெருப்பின் முகங்கள் அந்த லேபிள்கள். ஓரத்துப் பொடி எழுத்துவரை தெளிவாக எடுங்கள்; தாத்தா பெயரையும் குறித்து வையுங்கள்.