கடலை மோர் ஆசாமி

கல்யாணப் பந்தியில் இலைக்குமேல் உள்ளங்கையைக் குடையாகப் பிடித்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தால், அவர் வீகன். நெய் வரும், கை மூடும். தயிர்ப்பச்சடி வரும், கை மூடும். பால் பாயசத்துக்கு இரண்டு கையும் தேவைப்படும். "சுகரா சார்?" என்று பரிமாறுகிறவர் பரிவோடு கேட்பார். ஆமாம் என்று தலையாட்டினால் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. புது வீகனால் அது முடியாது.

நம்மாளும் அப்படித்தான் இருந்தார். 1944-இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் சில நண்பர்களும் வீகன் சங்கம் தொடங்கிய கதையைச் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே ஆரம்பிப்பார். மோர் வரும் நேரத்துக்குக் கன்றுக்குட்டி தாயைப் பிரிந்திருக்கும். பக்கத்து இலைக்காரர் மோரைக் கையில் ஏந்திக்கொண்டு, குடிப்பதா விடுவதா என்று திணறுவார். விடிகாலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இறைச்சிக்கூட வீடியோ போடுவார். அதற்குக் கீழே சித்தப்பா ரோஜாப்பூ வைத்து, 'இனிய காலை வணக்கம்' சொல்வார். ஒரு கொள்கைக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. பட்டு எடுக்கப் போன கடையில், கூட்டைக் கொதிநீரில் போடும்போது உள்ளே புழு உயிரோடிருக்கும் என்றார். அக்கா புடவையும் எடுத்தார், தம்பியோடு பேச்சையும் நிறுத்தினார்.

இப்போது நம்மாள் வாதாடுவதில்லை. சமைக்கிறார். நம் ஊரில் அது சுலபம்தான். இட்லி, சாம்பார், வத்தக்குழம்பு, சுண்டல், மதுரைப் பருத்திப்பால் எதிலும் மாட்டுக்கு வேலையே இல்லை. நாலு பேரைக் கூப்பிட்டு இதையெல்லாம் போடுவார். 'நீங்கள் இப்போது சாப்பிட்டது வீகன் சாப்பாடு' என்று மட்டும் சொல்லமாட்டார். வாயைக் கட்ட அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். பிஸ்கட் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிப்பதை மட்டும் இன்னும் விடவில்லை. பால்பவுடர் சேர்த்ததற்கும் பச்சைப் புள்ளி உண்டே! வீகன் உணவுக்கென்று அரசு விதிமுறை வந்ததும் 2022-இல்தான்.

இடிக்கிற இடங்கள் பிரசாதம், காபி, தயிர். பழநி பஞ்சாமிர்தத்தில் நெய்யும் உண்டு, தேனும் உண்டு. மறுத்தால் வீட்டில் பூகம்பம். கண்ணில் ஒற்றிக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் குழந்தையின் கையில் சேர்த்துவிடுவார். முருகனுக்கும் குறையில்லை. கடுங்காப்பியை முகம் சுளிக்காமல் குடிக்கப் பழகி வருகிறார், இன்னும் பழகவில்லை. தயிரில்தான் நிமிர்ந்தார்.

நிலக்கடலையை ராத்திரி ஊறவைத்து, தோல் உரித்து, அரைத்து வடிகட்டி, அந்தப் பாலை அடிபிடிக்காமல் காய்ச்சுகிறார். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடிவைக்கிறார். முதல் உறை கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கும். அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலில் விட்டால் கெட்டிப்படும். கடைந்து, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டால் கடலை வாசம் பாதி அடங்கும். மீதியைப் பெருங்காயம் பார்த்துக்கொள்ளும். கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள் என்று ஊற்றும் முன்பே, "கடலை மோர்" என்று சொல்லிவிடுவார். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. யாராவது ஏன் என்று கேட்டால்தான் கன்றுக்குட்டி வெளியே வரும்.

பெரியப்பா ஏன் என்று கேட்கவில்லை. முதல் வாய்க்கு மூக்கைச் சுளித்தார், பிறகு டம்ளரை நீட்டினார், பிறகு சொம்பையே தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். சில நாளில், பூங்காவில் நடக்க வரும் சிநேகிதர்களிடம் தாம் கண்டுபிடித்த மோரைப் பற்றி விஸ்தாரமாகப் பேசிக்கொண்டிருந்தார். நம்மாள் மறுக்கவில்லை. கூட்டத்தோடு நின்று, பவ்யமாகக் கேட்டார்:

"எப்படிப் பெரியப்பா உறை ஊத்துறீங்க?"

"மிளகாய்க் காம்புடா. அதுல இருக்கு சூட்சுமம்."

"ரெண்டு போட்டா போதுமா?"

"ரெண்டுல எங்கடா உறையும்? ஏழெட்டு வேணும். ஒண்ணும் தெரியாம ஒரு கொள்கை வேற உனக்கு! வீட்டுக்கு வா, செஞ்சு காட்டுறேன்."