தொல்காப்பியர் சொல்லாமல் விட்ட ஐந்தாம் அச்சம்

அச்சம் நான்கு காரணங்களால் பிறக்கும் என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் முடிவு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய், மிருகம், திருடன், அரசன் என்று கொள்ளலாம். இதில் வாதத்துக்கே இடமில்லை என்று நூலாசிரியர் கையோடு கதவையும் சாத்திவிடுகிறார். சாத்திய கதவைத் தட்டுவதுதான் ஆய்வாளரின் பிழைப்பு. எனவே இக்கட்டுரை ஐந்தாவதாக ஒன்று உண்டு என நிறுவ முற்படுகிறது.

ஆய்வு எல்லை வருமாறு: சென்னையிலிருந்து அலுவல் நிமித்தம், முதன்முறையாக, தன்னந்தனியாக வெளிநாடு செல்லும் ஒருவர், விசா கைக்கு வந்த நாள் முதல் விமானம் ஏறும் வரை படும் பாடு. சுற்றுலா போவோர் விலக்கப்பட்டனர். குடும்பத்தோடு போவோரும் விலக்கப்பட்டனர். அவர்கள் பயத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். வெளிநாட்டுத் தமிழாய்வு மாநாடுகளுக்குப் போகும் பேராசிரியர்களையும் விலக்க நேர்ந்தது. அவர்களிடம் அச்சத்தின் சுவடே இல்லை. கட்டுரையை விமானத்தில் எழுதிக்கொள்ளலாம். அங்கே எழுந்து கேள்வி கேட்கப்போகிறவரும் பக்கத்து இருக்கையில்தான் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது மரபு. ஆகவே, ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையொன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர், இரண்டு வார வேலையாக ஜெர்மனி செல்லவிருப்பவர், இங்கே தலைவி என்றே குறிக்கப்படுகிறார். தோழி என்பது ஏற்கெனவே ஒருமுறை போய்வந்து, இரண்டு வருடமாக அதையே பேசிக்கொண்டிருக்கும் சக ஊழியர். செவிலி இல்லை. அந்தப் பொறுப்பை வாட்ஸ்அப் குடும்பக் குழு ஏற்றிருக்கிறது.

இங்கே ஒரு தடை எழும். பெண்ணோடு கடல் கடந்து போகும் வழக்கம் இல்லை என்று அகத்திணையியலில் ஒரு நூற்பா உண்டே, தலைவி எப்படிப் போகலாம்? விடை எளிது. பெண்ணை உடன் அழைத்துப் போவதைத்தான் அந்நூற்பா பேசுகிறது. பெண் தனியே போவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இவ்வளவு வெளிப்படையான ஒன்றுக்கு மூன்று அத்தியாயம் எழுதிப் பட்டம் வாங்கலாம். இடமின்மையால் தவிர்க்கப்படுகிறது.

கிளம்பும் முன் தயங்குவது பழைய நோய். சங்க மரபு இதற்குத் தனித் துறையே வகுத்திருக்கிறது: செலவழுங்குதல். பொருள் தேடக் கிளம்பியவன் வாசலோடு நின்றுவிடுவது. பட்டினப்பாலையின் 301 அடிகளும் இந்தத் துறைதான். காவிரிப்பூம்பட்டினமே கிடைத்தாலும் இவளை விட்டு வரமாட்டேன் என்று ஒருவன் தன் நெஞ்சிடம் சொல்வதற்கு, துறைமுகம், சுங்கச் சாவடி, மூட்டை முடிச்சு, குதிரை, மிளகு என்று ஊரையே விவரிக்க வேண்டியிருக்கிறது. போகாமல் இருப்பதற்கு இவ்வளவு விரிவாகக் காரணம் சொன்னவர் பிற்காலத்தில் அலுவலக மின்னஞ்சல்களில் மட்டுமே தென்படுகிறார்.

நவீன காலச் சான்று கணிதமேதை ராமானுஜன். கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டியின் அழைப்பை 1913இல் அவர் ஏற்கவில்லை. 1914 தொடக்கத்தில் ஹார்டியின் சக கணிதவியலாளர் நெவில் சென்னைக்கே வந்து பேசியபின் இணங்கினார். வீட்டாரைக் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டுக் குடுமியை எடுத்தார். கோட்டு சூட்டு மாட்டினார். மார்ச் 17 அன்று எஸ்.எஸ். நெவாசா கப்பலில் ஏறினார். ஏறத்தாழ ஓராண்டுச் செலவழுங்கல். உணவைப் பற்றிய அவர் கவலை வீணும் அல்ல. கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் தன் அறையிலேயே தானே சமைத்துச் சாப்பிட்டார். தலைவியின் அம்மா இச்செய்தியை எங்கோ படித்துவிட்டார். விளைவு கீழே, பெட்டிப் பகுதியில்.

பொழுது குறித்தும் ஒரு சிக்கல். பிரிவுக்குரிய பாலைக்குப் பொழுது நண்பகல். சென்னையிலிருந்து ஐரோப்பா செல்லும் விமானங்களோ பெரும்பாலும் நள்ளிரவு தாண்டிக் கிளம்புகின்றன. யாமம் குறிஞ்சிக்கு உரியது. இந்தத் திணைமயக்கம் புலவர்களை விடப் பயணிகளைத்தான் அதிகம் படுத்துகிறது. டிக்கெட்டில் 14ஆம் தேதி 1.50 என்று இருந்தால் 13ஆம் தேதி இரவுச் சாப்பாடு முடிந்ததும் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ‘பதினாலு நல்ல நாள், காலைல டிபன் சாப்ட்டுட்டு நிதானமா கிளம்பலாம்’ (அத்தை, வாய்மொழி, கூடம்) என்ற பாடம் பிழையானது. இப்பாடத்தைப் பின்பற்றியவர்கள் பதினாலாம் தேதி காலை டிபனை வீட்டிலேயே நிதானமாகச் சாப்பிட்டார்கள், மதிய உணவையும்.

இனி நால்வகை அச்சம்.

அணங்கு என்பது ஓட்டல் அறை. பல ஓட்டல்களில் கதவைத் திறக்கும் அட்டையைச் சுவரிலுள்ள செருகியில் வைத்தால்தான் விளக்கு எரியும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. இருட்டில் கட்டில் முனையில் உட்கார்ந்தபடி ரிசப்ஷனுக்குப் போன் பண்ணலாமா, கேவலமாக நினைப்பார்களா என்று யோசித்தவர்களில் தோழியும் ஒருவர் (தோழி, கேன்டீன், முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பில் இப்பகுதி நீக்கப்பட்டு ‘எனக்கு உடனே தெரிஞ்சிடுச்சு’ எனத் திருத்தப்பட்டுள்ளது). டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் இன்னும் ஒரு படி மேலே போனவர். ஓட்டல் தீப்பற்றினால் ஜன்னல் வழியே இறங்க, போகுமிடமெல்லாம் பெட்டியில் ஒரு கயிறு கொண்டுபோனார். குட்டிக் கடற்கன்னியைக் கடலிலிருந்து கரைக்குக் கொண்டுவந்தவருக்கு மாடியிலிருந்து தரைக்கு வருவது கவலை.

விலங்கு, ஜெர்மனியில் பெரும்பாலும் தட்டில்தான் எதிர்ப்படும்.

கள்வர் அச்சத்துக்கு அப்பாவிடம் மருந்து உண்டு. யூரோ நோட்டுகளை நான்காகப் பிரித்து நான்கு இடங்களில் ஒளித்துவைக்கச் செய்தார். நான்காவது இடம் இன்றுவரை தெரியவில்லை.

தம் இறை என்பது குடியேற்ற அதிகாரி. கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பார், சிரிக்கமாட்டார். ஷெங்கன் விசாவுக்கான கோப்பு இதற்காகவே தடித்திருக்கிறது: அழைப்புக் கடிதம், திரும்பும் டிக்கெட், ஓட்டல் பதிவு, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு. ஆனாலும் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்க்க வேண்டியது ஒரே ஒரு பதில்தான். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால், வாய் தவறியும் ‘வேலைக்கு’ என்று சொல்லிவிடக் கூடாது. அந்த விசா கூட்டங்களுக்கும் பேச்சுவார்த்தைக்கும்தான். அங்கே வேலையில் சேர அல்ல. ஆகவே வேலைக்காகவே போகும் ஒருவர், வேலை என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு, தான் ஏன் வந்தேன் என்பதை விளக்கப் பயில்கிறார்.

ஆக நான்கும் முடிந்தன. நான்கிலும் அடங்காததும், வீட்டின் பத்து நாள் உரையாடலில் ஏறக்குறைய முழுவதையும் விழுங்கியதுமான ஐந்தாவது, பெட்டியின் எடை. மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்ட இளம்பூரணரும் பேராசிரியரும் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. இவ்வளவு பெரிய மௌனம் தற்செயலாக இருக்க முடியாது.

பெட்டிக்கு 23 கிலோ, கைப்பெட்டிக்கு 8. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ. தாண்டக் கூடாது. எவ்வளவு பணம் கட்டினாலும் ஒற்றைப் பெட்டி 32 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று பல விமான நிறுவனங்கள் வைத்திருப்பது, அதைத் தூக்கிப் போடும் தொழிலாளியின் முதுகைக் கருதி. விதி தெளிவானது. அதை வீட்டில் அளப்பது எப்படி என்பதில்தான் மூன்று பள்ளிகள் பிரிகின்றன.

மூத்தது கைத்தூக்கு மரபு. பெரியப்பா பெட்டியை ஒரு முறை தூக்கி, கண்ணை மூடி, ‘இருபத்தொண்ணு’ என்பார் (பெரியப்பா, கூடம், இரவுச் செய்திக்குப் பின்). அவர் முப்பது ஆண்டுகள் உர மூட்டைகளோடு புழங்கியவர் என்பதால் இக்கூற்று மேற்கோளாகும் தகுதி உடையது. ஆனால் அரை மணி கழித்து அதே பெட்டியைத் தூக்கி ‘இருபத்தஞ்சு’ என்றார் (மேலது, திருத்திய பதிப்பு, மூட்டுவலித் தைலம் தடவியபின்).

இரண்டாவது வெயிட் மெஷின் பள்ளி. பெட்டியை நேரே வைத்தால் எண் தெரியாது, பெட்டி மறைத்துவிடும். எனவே தலைவி பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி ஏறி நிற்க, பிறகு பெட்டி இல்லாமல் ஏறி நிற்க, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். அளவியல் அறிந்தோர் இதை ஒப்பமாட்டார்கள். இரண்டு முறை அளந்து கழித்தால் இரண்டு அளவின் பிழையும் விடையில் வந்து உட்காரும். தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளரான தலைவிக்கு இது நன்றாகவே தெரியும். அதைவிடப் பெரிய குறை, கழிக்கப்படும் எண் குடும்பம் முழுவதற்கும் கேட்குமாறு உரக்க வாசிக்கப்படுவது. பெட்டியின் எடை பற்றிய விவாதம் அன்று மாலை முழுக்க நடக்கவே இல்லை.

மூன்றாவது புறச்சான்றுப் பள்ளி: தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசு. அங்கே 22.8 என வந்தது. (கடைக்காரர், கருத்து கையசைவின் மூலம் பெறப்பட்டது. பெரியப்பா இதை ‘சரியா இருக்கும், போங்க’ எனப் பொருள் கொள்வார். அத்தை மறுப்பார்: கடைக்காரர் ஈ ஓட்டினார். பெரியப்பாவின் மறுப்புக்கு மறுப்பு சிதைந்த நிலையில் கிடைக்கிறது. இடையே லாரி போயிற்று. பேப்பர்காரர் தராசு எப்போதுமே குறைத்துத்தான் காட்டும் என்னும் அம்மாவின் இடைச்செருகல் காலத்தால் பிந்தியது எனினும் சிந்திக்கத்தக்கது.)

உள்ளடக்கத்துக்கு வருவோம். கொப்பரைத் தேங்காயை அத்தை வைத்தார், தோழி எடுத்தார். காரணம் கேட்டபோது யாரும் நம்பவில்லை: கொப்பரை தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய ஆபத்தான சரக்கு, ஐ.நா. எண் 1363. சமையலறையில் இத்தனை காலம் ஐ.நா. எண்ணோடு ஒரு பொருள் சும்மா உட்கார்ந்திருந்ததை அத்தையால் தாங்க முடியவில்லை. சபரிமலை பக்தர்கள் இருமுடித் தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோக 2024 அக்டோபரில் தற்காலிக அனுமதி தந்தார்கள். அது 2025 ஜனவரி 20 வரைதான். பிராங்க்பர்ட்டுக்கு மாலை போட்டுக்கொள்ளும் யோசனை இவ்வாறு காலாவதியானது. பால்கோவாவும் போனது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் கிடைத்த புவிசார் குறியீடு, புவியின் அந்தப் பக்கத்தில் செல்லாது.

ஊறுகாய் திடமா திரவமா என்ற வினா தத்துவத்துக்கு உரியது போல் தோன்றும். 2006 ஆகஸ்டில் திரவ வெடிமருந்தால் விமானங்களைத் தகர்க்கும் சதி லண்டனில் அம்பலமானதிலிருந்து, கைப்பெட்டியில் ஒரு குப்பிக்கு 100 மில்லிக்கு மேல் திரவம் ஆகாது. குழைந்து பரவுவதெல்லாம் அந்தக் கணக்கில்தான். எனவே மாவடு பெரிய பெட்டிக்கு மாறியது: மூடிமேல் டேப், அதன்மேல் பிரெட் கவர், அதன்மேல் பழைய நைட்டி, அதன்மேல் இன்னொரு கவர். சுற்றியதன் எடை மாவடுவின் எடையை மிஞ்சியது.

கைப்பெட்டியில் ஒரு மாற்றுத் துணி வைக்க வேண்டும் என்பதில் மட்டும் கருத்து ஒற்றுமை. இதற்குச் சான்று காந்தி. 1888இல் படிக்கப் போனவர், எனவே நம் எல்லைக்குப் புறம்பு. ஆனால் பெட்டி பெட்டிதான். கப்பலில் கறுப்பு சூட்டில் இருந்துவிட்டு, இறங்கும்போது உடுத்துவதற்கென்றே வெள்ளை ஃபிளானல் சூட்டைப் பத்திரப்படுத்தியிருந்தார். இறங்கிப் பார்த்தால் குளிர்காலம் நெருங்கும் இங்கிலாந்தில் வெள்ளையில் இருந்தது அவர் ஒருவர்தான். பெட்டியையும் சாவியையும் ஏஜெண்டிடம் கொடுத்தாயிற்று. மறுநாள் ஞாயிறு, பெட்டி வராது. பின்னாளில் வெள்ளை உடுத்தி உலகையே எதிர்கொண்டவர் அன்று கூனிக்குறுகியதைத் தம் சுயசரிதையில் மறைக்கவில்லை.

எடையச்சத்தை நான்கில் ஒன்றில் அடக்கலாகாதா? கூடுதல் கட்டணம் பறிப்பதால் கள்வர்பாற்படும் என்பர் ஒரு சாரார் (பெரியப்பா). கவுண்டரில் அமர்ந்து ‘ரெண்டு கிலோ எடுத்துடுங்க மேடம்’ என ஆணையிடுவதால் இறையின்பாற்படும் என்பர் மறு சாரார் (தோழி). இருவருமே ஒன்றைக் கவனிக்கவில்லை. ஒரகடத்திலிருந்து போன பாகங்களில் ஏன் இத்தனை திரும்பி வந்தன என்பதை, அறிமுகமில்லாத எட்டுப் பேர் முன்னால், தலைவி தனியாக நின்று ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். அவள் வயிற்றைக் கலக்கியது அதுதான். அந்த வீட்டில் பத்து நாளில் ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, தலைவி உட்பட. பெட்டியையாவது தராசில் வைக்க முடிகிறது.

அந்தப் பதற்றம் நல்லதே என்று அலுவலகப் பயிற்சியில் ஒரு வளைவு வரைந்து காட்டினார்கள். கவிழ்த்துப் போட்ட கிண்ணம் போன்ற அந்தக் கோட்டுக்கு யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. 1908இல் அவர்கள் செய்தது, நடன எலிகள் என்றழைக்கப்பட்ட ஒருவகை எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து, கறுப்புப் பெட்டி எது வெள்ளைப் பெட்டி எது என்று பழக்கியது. ‘பதற்றம்’ என்ற சீட்டை அந்த வளைவில் ஒட்டியவர்கள் பின்னால் வந்தவர்கள். மூலத்தைப் படிக்காமல் மேற்கோள் காட்டும் கலை தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பது ஆறுதல். எலிகளுக்கும் பிரச்சினை பெட்டியில்தான் என்பதும் ஐந்தாம் அச்சத்துக்கு எதிர்பாராத வலு சேர்க்கிறது.

13ஆம் தேதி இரவு, கவுண்டர் தராசு 21.4 காட்டியது.

அத்துடன் அச்சம் நீங்கி வெகுளி பிறந்தது. வெளியே நின்ற அம்மாவின் போன்: ‘ஒண்ணரைக் கிலோ இடம் இருந்துதா? அப்ப அந்த முறுக்கு டப்பாவ வெச்சிருக்கலாமேடி! யாரு எடுக்கச் சொன்னது?’ வெகுளிக்கும் தொல்காப்பியர் நான்கே காரணம் சொல்கிறார்: உறுப்பை அறுத்தல், சுற்றத்துக்குக் கேடு சூழ்தல், அடித்து வருத்துதல், கொல்லுதல். முறுக்கை வெளியே எடுத்தது இரண்டாவதில் அடங்கும் என்பது அம்மாவின் துணிபு. எடுத்த முறுக்கு வீடு திரும்பும் வழியில் காரிலேயே தீர்ந்துபோனதால் (பெரியப்பா, பின் இருக்கை, வாய் நிறைய) முதற்காரணத்தையும் சேர்க்க வேண்டும் என்கிறார் அத்தை. இது தனிக் கட்டுரைக்கு உரியது. நிதிநல்கை வேண்டி விண்ணப்பிக்கப்பட்டுள்ளது.