சிஸ்டம் சார்

ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவைச் சுற்றி எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் சரி, நாலு அடுக்குமாடிக் கட்டடம் இருந்தால் அதில் ஒரு சிஸ்டம் சார் இருப்பார். கதவுப் பலகையில் அவருடைய நிஜப் பெயர் இருக்கும். யாரும் அதைப் படித்ததில்லை. ஆவடி டாங்க் ஃபாக்டரியிலோ அம்பத்தூர் எஸ்டேட்டிலோ உழைத்து ஓய்வு பெற்றவர். அங்கே கம்ப்யூட்டரோடு அவருக்கு என்ன சம்பந்தம் என்று கேட்டுவிடக் கூடாது. "மெஷின்னா எல்லாம் மெஷின்தான்" என்று முடித்துவிடுவார்.

லேப்டாப் கெட்டுப் போனால் யாரும் அவரைத் தேடுவதில்லை. அதற்குக் கடை இருக்கிறது. அவருக்கென்று ஒதுக்கப்பட்டது, ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த பெண்டியம் ஃபோர், குண்டு மானிட்டர், விண்டோஸ் எக்ஸ்பி வகையறா. 2014 ஏப்ரலோடு எக்ஸ்பியை மைக்ரோசாஃப்டே கைகழுவிவிட்டது. அடுக்ககத்துச் செயலாளர் கழுவவில்லை. பாசம் ஒன்றும் இல்லை. குடியிருப்போர் சங்கத்தின் பத்து வருஷத் தீர்மானங்கள் அதற்குள்ளே கிடக்கின்றன. அதுவும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில். அந்தக் கோப்பைப் புது லேப்டாப்பில் திறந்தால், தண்ணீர் லாரி பாக்கி எவ்வளவு என்ற இடத்தில் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். 2010 கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில் தமிழ்நாடு அரசே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. செயலாளருக்கு இன்னும் தகவல் வரவில்லை.

ஆக, பொதுக்குழு நடக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில் செயலாளர் வீட்டில் பொத்தானை அமுக்குவார்கள். வண்டி கிளம்பாது. "சாரைக் கூப்பிடுங்கப்பா."

சார் வருவார். கையில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பெயிண்ட் பிரஷ், டார்ச், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற வெள்ளை ரப்பர். வந்ததும் மெஷினைப் பார்க்க மாட்டார், வீட்டாரைப் பார்ப்பார்.

"கடைசியா இதை யார் தொட்டா?"

வீடே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும். தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை தொட்டதாகத் தெரிய வரும். "அதான்" என்பார். பாதி வேலை முடிந்த திருப்தி அவர் முகத்தில் தெரியும்.

அடுத்து காது. ஸ்விட்சைப் போட்டுவிட்டு எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்வார். மின்விசிறியும் நிறுத்தப்படும். உள்ளேயிருந்து ஒரு 'பீப்'. பஞ்சாங்கத்தில் பல்லி சொல்லுக்குப் பலன் போட்டிருக்கிற மாதிரி, இந்தச் சத்தத்துக்கும் அவரிடம் பலன் உண்டு. ஒரே ஒரு குட்டை பீப் என்றால் சுபம். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு என்றால் டிஸ்ப்ளே கார்டில் கோளாறு. நிற்காமல் கத்தினால் மெமரி. கிண்டல் செய்யத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இதில் அவர் சொல்வது உண்மை. திரையே உயிர்பெறாத நிலையிலும் நோயைச் சொல்லத்தான், மெஷினைக் கிளப்பிவிடுகிற பயாஸ் நிரலை எழுதியவர்கள் இந்தச் சத்த மொழியை வைத்தார்கள். கம்பெனிக்குக் கம்பெனி பாஷை கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். சார் மட்டும் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே பலன் சொல்வார்.

பிறகு ரப்பர் வைத்தியம். மெமரி அட்டையைப் பிடுங்கி, அதன் அடியில் இருக்கிற தங்க நிறப் பற்களை ரப்பரால் மென்மையாகத் தேய்ப்பார். பக்கத்தில் நிற்கிற சின்னப் பையன் சிரிப்பான். சிரிக்க ஒன்றும் இல்லை. அந்தப் பற்களில் களிம்பும் தூசியும் படிந்தால் மின்தொடர்பு விட்டுப் போகும், தேய்த்தால் திரும்பி வரும். பல பழைய மெஷின்களுக்கு நோயும் இதுதான், மருந்தும் இதுதான். அதுவும் பூந்தமல்லி சாலையில் மெட்ரோவுக்குத் தோண்டத் தொடங்கிய நாளிலிருந்து நம் ஊரில் தூசிக்கு என்ன குறைச்சல்? கேபினெட்டைத் திறந்து பிரஷ்ஷால் ஒரு தட்டு தட்டினால், கூடத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் தும்முவார்கள்.

அப்படியும் அசையவில்லையென்றால் வீட்டம்மாவிடம் ஒரு ஊக்கு கேட்பார். அவரும் எதற்கென்று புரியாமல் வளையலிலிருந்து கழற்றிக் கொடுப்பார். போர்டிலிருந்து பெரிய பிளக்கை உருவி, அதில் பச்சை வயரின் துளையையும் கறுப்பு வயரின் துளையையும் ஊக்கால் இணைப்பார் சார். மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டியின் மின்விசிறி 'விர்' என்று சுற்றினால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். சுற்றாவிட்டால் மூக்கை அருகே கொண்டுபோய் முகர்ந்து, "பல்லி" என்பார். நிஜமாகவே பல்லிதான். கதகதப்புக்காக உள்ளே போய்க் கருகியிருக்கும். அதை எடுக்க அவர் அந்தப் பெட்டியைத் திறக்க மாட்டார். அவர் பயப்படுகிற ஒரே இடம் அதுதான், அந்தப் பயம் நியாயமானதும்கூட. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர்கள் கொஞ்ச நேரத்துக்கு முந்நூறு வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கலாம். பல்லியோடு சேர்த்துப் பெட்டியையே மாற்றிவிடுவார்.

மதர்போர்டில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால் மட்டும் அவர் குரல் இறங்கும். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் உலகம் முழுக்கவே மட்டமான கெப்பாசிட்டர்கள் பெரிய கம்பெனிகளின் போர்டுகளில்கூட ஏறிப் பின்னால் உப்பி வெடித்தன. டார்ச் அடித்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டுவார். துக்க வீட்டில் முகம் பார்ப்பதுபோல் நாமும் வரிசையில் நின்று எட்டிப் பார்க்க வேண்டும்.

வழக்கமாக அந்த நிலைக்குப் போவதில்லை. திரை தெளிந்து, தேதி மட்டும் 1-1-2002 என்று நிற்கும். மெஷின் கணக்கில் ஓ. பன்னீர்செல்வம் முதல் தடவையாக முதலமைச்சராக இருக்கிறார். அந்தத் தேதியோடு இணையத்துக்குள் போனால் பாதிப் பக்கங்கள் சான்றிதழ் செல்லாது என்று விரட்டிவிடும். காரணம், போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்கிற காசு வடிவ பேட்டரி தீர்ந்து போனதுதான். நல்ல ஓட்டலில் ஒரு காபி குடிக்கிற காசுக்குள் கிடைக்கும். சாரின் சட்டைப் பையில் எப்போதும் ஒன்று இருக்கும்.

பணம் வாங்க மாட்டார். காபியும், இருந்தால் ரெண்டு இட்லியும் போதும். ஆனால் கிளம்பும்போது, செத்துப்போன எஸ்எம்பிஎஸ்ஸைக் காட்டி, "இது உங்களுக்கு வேணாமில்ல?" என்று கேட்பார். இப்படிச் சேர்த்ததுதான் அவர் வீட்டு இரண்டாவது படுக்கையறை. 2015 டிசம்பர் வெள்ளம் இந்தப் பக்கத்துத் தரைத்தளங்களுக்குள் புகுந்தபோது, நனைந்த மதர்போர்டுகளை மொட்டைமாடியில் வடாம் காயப்போடும் இடத்தில் வெயிலில் வைத்துப் பிழைக்க வைத்ததாகச் சொல்வார். அன்றிலிருந்து வடாம் வெளியில் வாங்கவேண்டி வந்துவிட்டதாக அவர் மனைவி சொல்வார். "ஊரு கம்ப்யூட்டரெல்லாம் ஓடுது. நம்ம வீட்டு மிக்ஸி எப்பங்க ஓடும்?" என்ற அந்த அம்மாவின் கேள்விக்கு மட்டும் அவரிடம் பலன் கிடையாது.

கடைப் பையன் வந்தால் பார்த்த மாத்திரத்தில் "போர்டு போயிடுச்சு சார், புதுசு போட்டுக்கலாம்" என்பான். அவனோடு ஒப்பிட்டால் நான் சார் கட்சிதான். அவன் நம் காசைத் தின்கிறான். இவர் நம் ஞாயிற்றுக்கிழமையை மட்டும்தான் தின்கிறார்.

ஆனால் சாரிடம் ஒரு பெரிய குறை உண்டு. அவருக்கு நிறுத்தத் தெரியாது. திருகுகள் எல்லாம் பூட்டிய பிறகும் ஒன்று மிச்சம் இருக்கும். "அது எக்ஸ்ட்ரா, கம்பெனிக்காரன் சும்மா போடறது" என்று பையில் போட்டுக்கொள்வார். பக்கவாட்டுத் தகட்டை மூடவே மாட்டார், "காத்து போகட்டும்." மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எல்லாரும் மூச்சு விட்ட அந்த நொடியில், "எதுக்கும் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்துடுவோம்" என்பார். ஆஃப் ஆகும். ஆன் ஆகாது.

எனவே, பரணில் பழைய மெஷின் வைத்திருக்கும் பெரியோர்களே, சார் வரும் நாளில் ஒரு பென் டிரைவைக் கையிலேயே வைத்திருங்கள். திரையில் எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி தெரிந்த அடுத்த நிமிஷம் கோப்புகளைக் காப்பி எடுத்துவிடுங்கள். கூடவே அந்தப் பழைய எழுத்துருவையும் எடுத்துப் புது லேப்டாப்பில் ஏற்றிவிட்டால் தீர்மானமெல்லாம் அங்கேயே தமிழில் படிக்கக் கிடைக்கும், இந்த மெஷின் இனிமேல் தேவையே இல்லை. இதைச் சாரிடம் சொல்ல வேண்டாம். முதலில் மெஷினிலிருந்து காப்பி, பிறகு சாருக்குக் காபி. வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.