'மேனேஜர்' ஒருவரா, பலரா? சிற்றலுவலக வலையமைப்பில் ஒரு ஸ்வரூப விசாரம்

ஔவையார் ஒருவரா பலரா என்னும் சர்ச்சைக்குத் தமிழுலகம் செலவிட்ட காகிதத்தில் நூற்றிலொரு பங்கேனும், ஊர்தோறும் ஆடிட்டர் அலுவலகங்களில் காலை பத்து மணிக்கு 'மேனேஜர்' என்னும் ஒரே லாகின் பெயரால் நான்கு கணினிகளில் ஏககாலத்தில் பிரவேசிக்கும் அந்த மகாபுருஷர் யார் என்று நிர்ணயிப்பதற்குச் செலவிடப்படாதது பெருங்குறை. அக்குறையை நிவர்த்திக்க எழுந்தது இவ்வியாசம். ஆராய்ச்சிக் களம், ஐந்து கணினிகளும் ஒரு பிரிண்டரும் 'பொது' என்று பெயரிய ஒரு ஷேர் ஃபோல்டரும் உடையதாய், சர்வர் என்னும் ஆடம்பரம் இல்லாததாய் விளங்கும் ஓர் அலுவலகம்.

முதற்கண் இலக்கணம். ப்ரொஃபைல் என்பது, ஒருவர் தம் பெயரால் கணினிக்குள் நுழையும்போது அவருக்கென்று எடுத்து வைக்கப்படும் டெஸ்க்டாப், பின்னணிப் படம், பிரௌசர் நினைவு முதலிய உடைமைகளின் தொகுதி. எக்ஸ்பி காலத்தில் 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்னும் நெடும்பெயர் ஃபோல்டரிலும், விஸ்டா முதல் 'யூசர்ஸ்' என்னும் குறும்பெயர் ஃபோல்டரிலும் வாசம் செய்வது. அது நால்வகைப்படும். லோக்கல், அந்தந்தக் கணினியிலேயே தங்குவது. ரோமிங், நுழையும்போது சர்வரிலிருந்து இறங்கி வெளியேறும்போது திரும்ப ஏறுவது. நம் களத்தில் சர்வரே இல்லையாதலின் இதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதுவதே ஆராய்ச்சி மரபாயினும், இடமின்மையால் விடுக்கிறோம். மேண்டேட்டரி, ஒரு கோப்பின் 'டேட்' என்ற வாலை 'மேன்' என்று மாற்றினால் உண்டாவது, அவ்வளவே. டெம்பரரி, உரிய ப்ரொஃபைலைத் திறக்க இயலாதபோது கணினி தரும் வெற்று மேஜை. அதில் சேமித்தவை யாவும் வெளியேறியதும் அழியுமாதலால் மாயாவாதத்துக்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. ஜிஎஸ்டிஆர்-3பி-க்குக் கடைசி நாளாகிய 20ஆம் தேதி மாலையில் இதை அநுபவித்தவர், காவி கட்டுவதற்கு அதிக நாள் எடுத்துக்கொள்வதில்லை.

குரூப் பாலிசி என்பது டொமைன் உள்ள இடங்களில் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை, அதன்மேல் 30 நிமிடங்கள் வரை தற்செயலாய்க் கூட்டி, பொதுக் கட்டளைகளைப் புதுப்பிப்பது. நம் களத்தில் அத்தொழிலை ஆடிட்டர் தம் குரலாலேயே செய்கிறார். இடைவெளி இன்னும் குறைவு.

இனி நூற்பொருள். 'மேனேஜர்' என்னும் பெயருக்கு உரியவர் சந்தன மாலையும் சுவர்க் கடிகாரமும் பெற்று ஓய்வில் சென்றுவிட்டார். ஆயினும் 'பொது' ஃபோல்டரைத் திறக்கும் அதிகாரம் அவர் பெயருக்கே எழுதப்பட்டிருந்தமையால், அலுவலகத்தார் அனைவரும் அவர் பெயராலேயே நுழைந்து, அவர் பெயராலேயே எழுதி, அவர் பெயராலேயே அழித்தும் வருகின்றனர். பணியிலிருந்த காலத்தில் மதிய உணவுக்குப் பின் கண்மூடி யோகத்தில் ஆழ்ந்துவிடும் அப்பெரியார், ஓய்வுக்குப் பின் பகலிரவு பேதமின்றி உழைப்பதாகக் கோப்புகளின் குறிப்புகள் சாட்சி பகர்கின்றன.

பெயர் ஒன்று, பாஸ்வேர்டு ஒன்று, ஆகவே ஆளும் ஒன்று என்பர் ஏகவாதிகள். முதற்கணினி மேனேஜரின் திரையில் பழனியாண்டவரும், இரண்டாவதில் பனிமலையும், மூன்றாவதில் ஒரு நடிகையும், நான்காவதில் தட்டு நிறையப் பிரியாணியும் காட்சியளித்தலின் ஒருவருக்கு இத்துணை ருசிபேதம் பொருந்தாது என்பர் அநேகவாதிகள். திருமுருகாற்றுப்படையையும் நெடுநல்வாடையையும் ஒரே நக்கீரர் பாடினார் என்று ஒப்புகிறவர்கள் இதை மட்டும் ஒப்பலாகாதோ என்பது முன்னவர் மறுப்பு.

டொமைன் இல்லாத வலையில் ஒவ்வொரு கணினியும் தன்னிடமுள்ள யூசருக்குத் தனியே ஒரு நீண்ட எண்ணை வழங்குகிறது. அது மதிப்பது அந்த எண்ணையே. ஆகவே மேனேஜர்கள் பலரே. ஆனால் ஒருவர் இன்னொரு கணினியின் ஃபோல்டரை நாடும்போது, அங்கும் அதே பெயரும் அதே பாஸ்வேர்டும் உடைய ஒருவர் இருப்பின் கேள்வி கேளாமல் கதவு திறக்கும். கதவுக்கு அவர்கள் ஒருவரே. இன்னொரு நுட்பமும் உண்டு: யூசரை அழித்து அதே பெயரில் மறுபடி படைத்தால் பிறப்பவருக்கு வேறு எண், முற்பிறவியின் அதிகாரம் ஒன்றும் ஒட்டாது. இத்தனையையும் சொன்னவன் ஹார்டுவேர் பார்க்க வந்த பையன். அவனுக்கு வடமொழிப் பயிற்சி இல்லாமையால் இரு கட்சியாரும் அவன் கூற்றைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் கருத்தெல்லாம் பாஸ்வேர்டின் பாடபேதத்திலேயே இருந்தது. பிரிண்டர் மூடிச் சாசனம் (மஞ்சள் சீட்டு, நீல மை, செலோடேப்பின் கீழ்) நான்காம் எழுத்தை இங்கிலீஷ் 'ஓ' என்று காட்ட, மானிட்டர்ப் பின்புறப் பிரதி அதைச் சைபர் என்கிறது. இவ்விரண்டுக்கும் முற்பட்டதாகக் கருதப்படும் காலண்டர்ப் பிரதியோ (மார்ச்சுத் தாளின் பின்பக்கம், பென்சில், மேல் வலது மூலை, பால் கணக்குக்கு இடப்புறம், காப்பித் தம்ளரின் வட்டக் கறையால் சிதைந்தது, பெருக்கும் அம்மாள் காலத்தில் ஒருமுறை குப்பைக்குச் சென்று மீண்டது) அவ்விடத்தில் ஒரு துளையை மட்டுமே காட்டுகிறது. துளை வட்டமாயிருப்பதால் அதுவே சைபர் என்பது ஒரு பேராசிரியர் துணிபு. நச்சினார்க்கினியர் வழி நின்ற மற்றொருவர், எழுத்துகள் கிடந்தவாறே பொருள்படா என்று கண்டு, ஈற்றெழுத்தை முதலோடும் முதலெழுத்தை இடையோடும் மாட்டி வாசித்தார். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் பத்து முறை தவறினால் பத்து நிமிடம் கதவடைப்பு உண்டாதலால், அவர் உரை முடிவதற்குள் அலுவலகத்துக்கு ஓர் அரைநாள் விடுமுறை கிடைத்தது.

இந்நிலையில் ஆர்ட்டிகிள் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், ஆளுக்கொரு யூசர் உண்டாக்கி, எல்லோரையும் ஒரே குரூப்பில் சேர்த்து, 'பொது' ஃபோல்டரின் ஷேர் அனுமதி, செக்யூரிட்டி அனுமதி ஆகிய இரண்டிலும் அந்தக் குரூப்பை எழுதிவிட்டால் போதுமே என்றாள். இரண்டில் எது குறுகியதோ அதுவே செல்லும் என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள். ஏகவாதிகளும் அநேகவாதிகளும் முதன்முறையாக ஒன்றுபட்டு எதிர்த்தனர். ஆராய்ச்சியிலிருக்கும் பொருளைத் திருத்துவது தகாது என்று கையொப்பமிட்ட மனுவொன்றும் ஆடிட்டரிடம் சென்றது. ஒரு சனிக்கிழமை பிற்பகலில், அவர்கள் மனுவின் நகலுக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்த சமயம், அவள் காரியத்தை முடித்து, பிரிண்டர் மூடியிலிருந்த சீட்டையும் கிழித்தெறிந்தாள்.

மூலம் அழிந்துவிட்டமையின் இனி மறுப்பதற்குச் சான்றில்லை என்று கண்டு, இரு கட்சியாரும் தத்தம் நூலின் இரண்டாம் பாகத்தைத் தொடங்கியுள்ளனர்.